ஃபீடில் நின்ற பழைய தேதி

நவம்பர் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. செய்முறைத் தேர்வுக்கு இணையத்தில் பெயர் பதியக் கடைசி நாள் பத்து. நான் வகுப்புக் குழுவில் பன்னிரண்டு என்று போட்டுவிட்டேன். சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. நானும், என்னை நம்பி ஒன்பது பேரும் பதியாமல் இருந்துவிட்டோம்.

உக்கடம் பேருந்தில் உட்கார்ந்து நோட்டில் இதை எழுதிய ரம்ஷாவுக்குக் காது இன்னும் சுட்டது. மாலைநேரக் கணினி வகுப்பில் அறிவிப்பு என்றாலே அவள்தான். பயிலகத்தின் வலைத்தளத்தைத் தினமும் திறந்து பார்க்க யாருக்கு நேரம்? அவள் போனில் ஒரு ஃபீட் ரீடர் இருந்தது. தளத்தில் புதிதாக எது ஏறினாலும் தானே கொண்டுவந்து காட்டும். அவள் அதைப் படித்துக் குழுவில் போடுவாள்.

இன்று பேருந்து ஏறுமுன், பயிலக அலுவலக ஜன்னலில் எழுத்தர் மாசாணம் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“பாருங்க அம்மணி, பத்துன்னுதானுங்களே இருக்குது? மொதல்ல இருந்தே பத்துதானுங்க. கண்ணாடி போட்டுப் பாருங்க.”

கூட நின்ற செவ்வந்தி நூல் மில்லில் ஷிப்டு பார்ப்பவள். இந்தத் தேர்வை முடித்தால் தை மாதம் மில் ஆபீசிலேயே கணினி வேலை; விட்டால் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம்.

“உன்ற சொல்லு பஞ்சாங்கம்னு இருந்தேன் கண்ணு. பஞ்சாங்கமே கவுத்துப்போட்டுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி இந்த வேலையே வேண்டாமென்று, அந்தத் தளத்தை நீக்க ரம்ஷா ஃபீட் ரீடரைத் திறந்தாள். அறிவிப்பு அங்கேயே கிடந்தது. மூன்றாம் தேதி மாலை வந்தது. கடைசி நாள்: நவம்பர் 12.

தன் கண்ணை நம்பாமல் மூன்று முறை படித்தாள். பிறகு தளத்தைத் திறந்தாள். அதே தலைப்பு, அதே வரிகள், ஆனால் பத்து. யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. புது அறிவிப்பாக ஏற்றாததால் ஃபீடுக்கும் தெரியவில்லை. முதலில் வந்ததை வந்தபடியே வைத்திருந்தது.

மாற்றட்டும், யார் வேண்டாமென்றது? மாற்றிவிட்டு, முதலிலிருந்தே இப்படித்தான் என்று வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுச் சொல்வதா? ஒன்பது பேரிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டது அவளல்லவா? செவ்வந்தியை அழைத்தாள்.

“அக்கா, பன்னண்டுதாங்க்கா போட்டிருந்தாங்க. எம் போன்ல அப்படியே இருக்குது.”

“அப்ப கண்ணாடி அவருக்குத்தான் வேணும். நாளைக்குத்தானே பன்னண்டு?” என்றாள் செவ்வந்தி.

“ஆமாங்க்கா.”

“ஷிப்டை மாத்திப்போட்டு வாரேன்.”

ரம்ஷா நோட்டைத் திறந்தாள். மேலே எழுதியதை அடிக்கப் போன பேனா நின்றது. பழையதை மறைத்துப் புதியதை எழுதுவது அவர்கள் வேலை. அதை அப்படியே விட்டு, கீழே எழுதினாள்:

திருத்தம், அதே நாள். தவறு என்னுடையதல்ல.

நாளை புதன், 12: ஃபீடில் உள்ளதையும் தளத்தில் உள்ளதையும் அச்செடுக்க வேண்டும். மனுவில் பத்துப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜன்னல் மூடுமுன் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.