நான் திறக்காத தகரப் பெட்டி

பத்து வருஷமாக ரூலனுக்கு என் போன் நம்பரைக் கொடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நெவாடாவில் முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டவன் நான். பேரைச் சொன்னால் ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னால் எதையாவது விற்க வாசலில் வந்து நிற்பார்கள். மனைவி போன பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் பிக்கப் வண்டியின் பின்னால் மெத்தையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். உப்புத் தரை, மணல் மேடு, மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிற இடம் என்று சுற்றி, கடைசியில் யூட்டாவின் சிவப்புப் பாறைப் பூங்காவுக்கு வருவேன். அங்கே முகாமில் ஒன்பதாம் இடம் என்னுடையது.

ரூலனை அங்கேதான் பார்த்தேன். வண்டி மணலில் புதைந்து, நான் ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்னும் புதைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார், நாலு டயரிலும் காற்றைப் பாதி இறக்கினார். வண்டி தானாக ஏறி வந்தது. ஐடஹோ மாநிலத்துக்காரர், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற வேலை. அதற்குப் பிறகு வருஷாவருஷம் ஏப்ரல் முதல் திங்கள், அதே இடத்தில் இரண்டு வண்டியும் நிற்கும். ஒரே ஒருமுறைதான் நம்பர் கேட்டார். மாட்டேன் என்றேன்.

"அப்ப நீ செத்துட்டா எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"வரமாட்டேன்ல. அதுலேர்ந்து தெரிஞ்சுக்க."

விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவர் ஊரைக் கேட்டதில்லை. கேட்டால் நானும் சொல்லவேண்டியிருக்கும்.

பள்ளத்தாக்குக்குள் நடக்கப்போகிறவர்கள் பேர், ஊர், எத்தனை ஆள் என்று எழுதிவைக்க பாதை முகப்பில் ஒரு தகரப் பெட்டிக்குள் நோட்டு இருக்கும். திரும்பாவிட்டால் தேடுவார்களாம். அரசாங்க நோட்டில் நான் கையெழுத்துப் போடுகிறவனா? ரூலன் எழுதுவார். நான் தள்ளி நிற்பேன்.

இந்த வருஷம் வழியில் வண்டியின் தண்ணீர் பம்ப் போய்விட்டது. மாற்றுச் சாமான் வர ஆறு நாள் ஆகிவிட்டது. நான் வந்தபோது ஒன்பதாம் இடம் காலி. வண்டியை நிறுத்தி இறங்கக்கூட இல்லை, அதற்குள் முகாமைப் பார்த்துக்கொள்கிற நோலா வந்துவிட்டாள். இந்த வருஷம்தான் புதிதாக வந்தவள்.

"பெரியவரே, வெர்ல்ங்கறது நீங்களா?"

என் பேர்தான். ஆனால் அவள் கையில் காகிதம் இருந்தது. எனக்கு அது போதும். இல்லை என்றேன்.

வண்டியை ஓரமாக ஒட்டி நிறுத்தி, ரூலனின் வேனுக்கு இடம் விட்டுவைத்தேன். இடம் கேட்டு வந்த மூன்று பேரை விரட்டினேன். காலையில் நிழல் பாறையிலிருந்து இறங்கும், சாயங்காலம் திரும்ப ஏறும். அதைத் தவிர அங்கே எதுவும் நகரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், பச்சை வேனில் ஒரு கிழவர் வந்தாரா என்று நோலாவிடம் போய்க் கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். வந்தாராம். மகள் ஓட்டிவந்தாளாம். அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, இனி வரமாட்டார். ஐந்து நாள் காத்திருந்து, மகளின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம், அப்புறம் மகளோடு எங்கேயோ.

"காகிதம் எங்க?" என்றேன்.

"உங்களைத்தானே மொதல்ல கேட்டேன்? இல்லேன்னீங்க. அந்த வெர்ல் வரலேன்னா செத்துட்டான்னு அர்த்தம்னு அவரே சொல்லிட்டுப் போனாரு. அந்தக் காகிதத்துலதான் நேத்து அடுப்புப் பத்தவச்சேன்."



விடிந்ததும் பாதை முகப்புக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கோணல் கோணலாக, கோட்டைத் தாண்டி, ஐந்து நாளும் எழுதியிருந்தார். முதல் நாலு நாளும் 'ஆள் இரண்டு'. மகளையா எண்ணினார், என்னையா, தெரியவில்லை. மகள் கூடவேதான் இருந்திருப்பாள். ஆனால் ஐந்தாம் நாள் 'ஆள் ஒன்று' என்று இருந்தது.

ஊர் என்ற இடத்தில் ஊர்ப் பேர் இருந்தது. பத்து வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

கயிற்றில் கட்டியிருந்த பென்சிலை எடுத்து அதற்குக் கீழே என் பேரை எழுதினேன். ஊரை எழுதினேன். போன் நம்பரையும் எழுதினேன். ஆள் ஒன்று.

அவர் காலி பண்ணுகிறேன் என்ற வாரத்தில் இரண்டு நாள்தான் பாக்கி. டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு வண்டியை வடக்கே, அவர் ஊர்ப் பக்கம் திருப்பினேன்.