பிழையில்லாத பக்கம்

மூணாறு கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நிமியும் சோனாவும் ஒரே நாளில்தான் சேர்ந்தார்கள். இருவருக்கும் சித்திரபுரம்தான் ஊர். சோனாவின் அப்பாவுக்குக் கரண்டு ஆபீசில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நிமியின் வீடு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அம்மா கத்தரீனாள் கொழுந்து பறிக்கப் போகிறவள். போகும்போதும் வரும்போதும் தோழிகள் இருவரும் பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள்.

வெப் பக்கம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் ஜின்சன் சார். கொஞ்சம் பிடிவாதக்காரர்.

"தலைப்புன்னா அதைத் தலைப்புன்னு குறி போட்டுச் சொல்லு. பெரிசாத் தெரியணும்னு தலைப்பாக்காதே, அதுக்குத்தான் ஸ்டைல் இருக்கு. எது என்னங்கிறதை ஒரு இடத்துல எழுது. எப்படித் தெரியணுங்கிறதை வேற இடத்துல எழுது."

நிமிக்கு இது வீண் வேலையாகப் பட்டது. கட்டம் கட்டமாகப் போட்டு, கலர் அடித்து, ஜீப் சவாரிக்கு ஒரு பக்கம் செய்தாள். பார்க்க ஜோராக இருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணன் டிஜோவின் போனில் அதைத் திறந்து கொடுத்தாள்.

டிஜோ ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். எஸ்டேட் ரோட்டில் வண்டி கவிழ்ந்து கண்ணாடித் தூள் கண்ணில் ஏறியதில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாவற்றையும் போன்தான் வாசித்துச் சொன்னது. நிமியின் பக்கத்தையும் அது வாசித்தது. கட்டத்துக்குக் கட்டம் தாவி, விலையை ஒரு ஊரோடும் நேரத்தை இன்னொரு ஊரோடும் சேர்த்துச் சொன்னது.

"ஒண்ணும் பிடிபடல நிமி. 'படம்'னு சொல்லுது, என்ன படம்? 'இங்கே அழுத்தவும்'னு சொல்லுது, அழுத்துனா என்ன ஆவும்?"

சார் தலைபாடாக அடித்துக்கொண்டது எதற்கு என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். தலைப்பைத் தலைப்பாக, பட்டியலைப் பட்டியலாக, பொத்தானைப் பொத்தானாக. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கண் தெரிந்தவர்கள் பார்க்காத இடத்தில், அது என்ன படம் என்று ஒரு வரி. டிஜோ விரலால் தலைப்புத் தலைப்பாகத் தாண்டிப் போய், தானே ஒரு சவாரியைப் பதிவு செய்தான். கண் போன பிறகு அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அதன்பின் எந்தப் பக்கத்தை எழுதினாலும் அவன் காதை நினைத்துத்தான் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சோனாவும் வந்துவிடுவாள். அவள் எழுதியதையும் டிஜோ கேட்டுக் குறை சொல்வான். பால் விடாத கட்டன் சாயாவும் அரட்டையுமாகப் பொழுது போகும்.

கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி ஒரே ஒருவரை எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். தோழிகள் இருவரும் அனுப்புவதாக முடிவு செய்தார்கள். நிமி அண்ணனிடம் கேட்டாள்.

"நீ எப்படிப் பக்கத்தக் கேக்குறன்னு ரெண்டு வார்த்த பேசிக் குடுண்ணே. என் பக்கத்துல போடுறேன்."

டிஜோவின் முகம் சுண்டிப்போயிற்று.

"என் குருட்டுக் கண்ணக் காட்டியா நீ வேல வாங்கணும்? வேணாம் நிமி. அசிங்கமா இருக்கு."

கேட்டதற்காக அவளுக்கே கூசியது. அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் தன் பக்கத்தை அனுப்பினாள்.

வேலை சோனாவுக்குக் கிடைத்தது. நிமிக்கு மனசு ஓரமாக வலித்தாலும் லட்டு வாங்கிக்கொண்டு போய்க் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். சோனா கொச்சிக்குப் பஸ் ஏறியபோது பெட்டியைத் தூக்கி வைத்ததும் நிமிதான்.

அடுத்த வாரம் ஜின்சன் சார் வகுப்பில் சோனாவின் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்து காட்டினார்.

"பாருங்க, இப்படி எழுதணும். அவ அண்ணனுக்குக் கண் தெரியாதுன்னு எனக்கே இதைப் பார்த்துத்தான் தெரியும்."

படத்தில் லயத்து வீட்டு வாசலில் டிஜோ போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சோனா. கீழே இருந்த பொத்தானை சார் அழுத்தியதும் வகுப்பறையில் டிஜோவின் குரல் கேட்டது. "இது என் தங்கச்சி எழுதுன பக்கம். இதுல எனக்கு யார் தொணையும் வேண்டாம்…"

நிமி தன் இடத்திலிருந்தே அந்தப் பக்கத்தின் உள்ளெழுத்தைத் திறந்தாள். படத்துக்கான மறைவான வரியில் 'பார்வையற்ற என் அண்ணனுடன் நான்' என்று இருந்தது. பிழை பார்க்கும் தளத்தில் போட்டுப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. தலைப்புகள் ஒழுங்கு, குறிகள் ஒழுங்கு. எங்கே கை வைத்தும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்று சோனாவுக்குப் போன் போட்டாள். பக்கத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"தப்புதான்டி," என்றாள் சோனா. "ஆனா உன்கிட்டருந்து களவாங்கல. அண்ணன்கிட்ட சும்மா பேசித் தரச் சொல்லித்தான் கேட்டேன். 'தங்கச்சின்னே சொல்லிரட்டுமா'ன்னு கேட்டது அவருதான். நான் வேணாம்னு சொல்லல. அவ்வளவுதான்."

பொய் சொல்கிறாள் என்றே நிமி நினைத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சோனாவைக் கரித்துக்கொட்டினாள். வீட்டில் டிஜோ மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"சோனாவுக்குப் பேசிக் குடுத்தியா?"

அவன் மறைக்கவில்லை. "குடுத்தேன்."

"எனக்கு அசிங்கம்னியே."

"உனக்குக் குடுத்தா உனக்குக் கெடச்சிரும்ல."

நிமிக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ கொச்சிக்குப் போயிருவ," என்றான். "அம்மா விடிஞ்சா மலைக்குப் போயிரும். நான் இந்தச் செவரோடயே கெடக்கணும்."

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட. காலம் பூரா அது என் தலையில கெடக்கும்."

சோனாவைத் திட்ட வாயில் வார்த்தை இருந்தது. இவனைத் திட்ட ஒன்றும் இல்லை. கத்தரீனாள் வேலை முடிந்து வந்து, விஷயம் தெரிந்து, மகளைத் தனியே கூப்பிட்டாள்.

"பயந்துட்டான் நிமி. மனசுல வச்சுக்காத."

"பயந்தா என் கையைப் பிடிச்சிருக்கலாம்லம்மா. காலைத்தான வாரிவிட்டுருக்கான்."

நிமி கம்பெனிக்கு நடந்ததை எழுதி அனுப்பினாள். பதில் மரியாதையாகவே வந்தது. அந்தப் படத்தையும் குரலையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் அவர்கள் ஆள் எடுத்தது பக்கம் எழுதிய தரத்தைப் பார்த்துத்தானாம், குடும்பக் கதைக்கு மதிப்பெண்ணே இல்லையாம். தோற்றத்துக்காகச் சோனா எழுதிய சி.எஸ்.எஸ். எந்த அளவுத் திரையிலும் கலையாமல் நின்றதாம்.

ஆக, டிஜோ பேசாமல் இருந்திருந்தாலும் வேலை சோனாவுக்குத்தான். நிமி அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவன் செய்தது பலிக்கவே இல்லை. ஆனாலும் செய்தானே என்பதுதான் நெஞ்சில் நின்றது.

திரை சிறிதானாலும் பெரிதானாலும் கலையாத பக்கம் எழுதும் வித்தையை அவள் சென்டரிலேயே உட்கார்ந்து கற்றாள். டிஜோவின் போனில் இருந்த அதே வாசிக்கும் செயலியைத் தன் போனிலும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தானே கேட்டாள். பாலக்காட்டில் ஹரிஷங்கர் என்பவர் நடத்திய சின்ன ஆபீசில் வேலை கிடைத்ததை, கிளம்புகிற வாரம்தான் வீட்டில் சொன்னாள்.

"எழுதுறத எனக்கு அனுப்பு நிமி, கேட்டுச் சொல்லுறேன்," என்றான் டிஜோ.

"வேணாம். நானே கேட்டுக்கிடுவேன்."

பாலக்காட்டில் அவளுக்கு முதல் வேலை ஓர் ஆஸ்பத்திரிக்கான பக்கம். அது வெளியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஜோ கூப்பிட்டான். அம்மா வழியாகப் பக்கத்தின் விலாசத்தைத் தெரிந்துகொண்டானாம்.

"டாக்டரப் பாக்க நேரம் கேக்குற எடத்துல நாளத் தேர்ந்தெடுக்க முடியல நிமி. போன் அதத் தாண்டிப் போயிருது."

"சரிங்க, பாக்கச் சொல்றேன்," என்றாள் நிமி, ஆபீசுக்குப் போன் செய்கிறவர்களிடம் சொல்வது போல.

போனை வைத்துவிட்டுப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். நாளைக் குறிக்கும் பெட்டிக்கும் அதன் பெயருக்கும் இணைப்புப் போட மறந்திருந்தாள். அப்போதே உட்கார்ந்து திருத்தினாள். திருத்திவிட்டதாக அவனிடம் சொல்லவில்லை.