ஏழாவது ஆள்

என்னால் ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. பாதம் பூசணிக்காயாய் வீங்கிக் கிடந்த அந்தச் சனிக்கிழமையும் கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகை கொட்டகையாய் நொண்டி அலைந்தேன். ஒரே ஒரு ஆள் குறைந்தது. அந்த ஒரு ஆள் கிடைக்காவிட்டால் சங்கமும் இல்லை, என் காலுக்கு வைத்தியமும் இல்லை.

கீழப்பழுவூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில்தான் எங்கள் கொட்டகைகள். வேலை ஜோடி ஜோடியாகத்தான். ஆம்பிளை சம்மட்டியால் உடைப்பார், பெண்டாட்டி சுமந்து லாரியில் ஏற்றுவாள். பேர் எழுதுவது மட்டும் ஆம்பிளைக்கு. "ராசாங்கம் ஜோடி!" என்று மேஸ்திரி கத்தினால் நானும் என் வீட்டுக்காரரும் போய் நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளாக அப்படித்தான். அது யாருக்கும் உறுத்தவே இல்லை, எனக்கும்தான்.

புதன்கிழமை லாரியிலிருந்து உருண்ட கல் என் பாதத்தில் விழுந்தது. கையில் காசில்லை; ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பும் வைத்தியச் செலவும் கேட்டு என் வீட்டுக்காரர் மேஸ்திரி வேணுகோபாலிடம் ஓடினார்.

"உனக்கு அடிபட்டா சொல்லு ராசாங்கம், பாப்போம். பொம்பளைக்கு நாங்க எங்கய்யா வேலை குடுத்தோம்? அது நீ கூட்டியாந்த ஆளு" என்று சொல்லிவிட்டான். நாசமாய்ப் போக! ஆறு வருஷமாக என் தலையில் கூடையைத் தூக்கி வைத்த கை அவனுடையது.

அந்தக் கோபத்தில்தான் என் வீட்டுக்காரர் அரியலூருக்குச் சைக்கிளை மிதித்து, அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் தொழிற்சங்கம் நடத்தும் அமிர்தலிங்கத்தை அழைத்து வந்தார். அவர் வேலிக்கருவை மர நிழலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"ஒத்தை ஆளாப் போய் கேட்டா, நாளைக்கு வராதேம்பான். சங்கமாப் பதிஞ்சிட்டா வைத்தியம், கூலி எல்லாத்தையும் சங்கம் கேக்கும். மசியலன்னா லேபர் ஆபீசர்கிட்ட மனு குடுப்போம். அவரு ரெண்டு பக்கத்தையும் கூப்புட்டு வச்சுப் பேசுவாரு. காண்ட்ராக்டருக்கு எதிர்ல நீங்களும் நாற்காலி போட்டு உக்காரலாம்."

"நாற்காலியிலயா?" என்று எங்களோடு கல் உடைக்கும் கருப்பண்ணன் வாயைப் பிளந்தார்.

"பின்ன, தரையிலயா? ஆனா பதியிறதுக்கு இங்க வேலை செய்யிறவங்க ஏழு பேரு கையெழுத்தோ கைநாட்டோ போடணும். திங்கக்கெழம திருச்சி ஆபீசுல குடுத்துடுறேன்."

ஆறு பேர் போட்டார்கள். ஏழாவதாகப் போட வேண்டிய பஞ்சநாதன் கொட்டகைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார். நான் போய்க் கம்பால் படலைத் தட்டினேன்.

"அண்ணே, ஒரு கைநாட்டுதானே, வாங்கண்ணே."

"ஆத்தாடி! ரெண்டு பொட்டப்புள்ள வச்சிருக்கேன். என்னை விட்டுடு தாயி."

திட்ட வாயெடுத்தேன். உள்ளே குழந்தை இருமியது. திரும்பி வந்துவிட்டேன்.

நிழலில் ஆறு பேரும் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்கள். அமிர்தலிங்கம் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

"இந்தக் குவாரில இருக்குறதே ஏழு ஜோடிங்க" என்றார் என் வீட்டுக்காரர். "பஞ்சநாதன் வரலைன்னா நாங்க ஆறு பேருதான்."

"ஜோடின்னா?"

"நானும் பொண்டாட்டியும் சேந்து ஒரு ஆளுங்க."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மேஸ்திரி சொன்னதையே கட்டிய புருஷனும் சொன்னால்? கம்பை வீசி எறிந்தேன்.

"யோவ் மாமா! நான் ஆளு இல்லன்னா இந்தக் காலு யாரு காலு? உன் காலா? வலிக்குதா உனக்கு?"

அமிர்தலிங்கம் எழுந்து வந்தார்.

"ஏம்மா, நீங்களும் கல்லு சொமக்குறீங்களா?"

"பின்ன, பல்லாங்குழியா ஆடுறோம்?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா! நீங்கதான்மா ஏழாவது ஆளு."

கருப்பண்ணன் பெண்டாட்டி செங்கமலமும் ஓரடி முன்னால் வந்தாள். "நீ சும்மா இரு. போனா என் ஒருத்தன் வேலையோட போவட்டும்" என்று கருப்பண்ணன் அவளை அடக்கிவிட்டார். நான் மையில் விரலைத் தோய்த்து அழுத்தினேன். என் வீட்டுக்காரர் முகம் இறுகிப்போயிருந்தது. ராத்திரி எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் கொட்டகை வாசலில் ஜீப் வந்து நின்றது. வேணுகோபால் இறங்கினான்.

"ராசாங்கம், திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு காண்ட்ராக்டர் முதலாளி. ஏத்து. அந்தக் காயிதத்துலேருந்து உன் ஜோடி பேரை மட்டும் எடுத்துடு."

எடுத்தால் மறுபடியும் ஆறு. ராவெல்லாம் கால் விண்விண்ணென்று தெறித்திருந்தது. ஏறிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரர் ஜீப்பைப் பார்த்தார், கறுத்துப்போன என் பாதத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"என் பேருன்னா நான் சொல்லலாம்" என்றார். "இது அவ பேருங்க. அவகிட்ட கேளுங்க."

வேணுகோபால் என் பக்கம் திரும்பினான். "இந்தாம்மா..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். ஆறு வருஷமாகியும் அவனுக்கு என் பேர் தெரியாது.

"மலர்க்கொடி" என்றேன்.

"மலர்க்கொடி, ஏறு. வீம்பு பண்ணாத. காலு போயிடும்."

"ஜீப்பைத் திருப்புங்க. நாங்க பஸ்ஸுல அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிறோம்."

சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவன் போன புழுதி அடங்குவதற்குள் ஆறு பேரும் இருந்த காசைத் திரட்டிக்கொண்டு வந்து, என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்கள்.

"யோவ், பொணத்தைத் தூக்குற மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்காதீங்க, விழுந்துடப்போறேன்!" என்று கத்தினேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

செங்கமலம் கட்டிலை ஒட்டியே ஓடி வந்தாள். கருப்பண்ணன் அவளைப் பார்த்தார், தடுக்கவில்லை.

"அக்கா, ஏழுக்கு மேல சேத்துக்குவாங்களா?"

"பஸ்ஸுல ஏறுடி" என்றேன். "அரியலூர்ல அமிர்தலிங்கத்துகிட்ட போய் உன் பேரைச் சொல்லு."