வெளியேறிய நேரம்

பள்ளிக்கூடத்தில் எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை நானூறு பிள்ளைகள் படிக்கும் இடத்தில், வாசலை ஒட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் எல்லாரையும் ஊடுருவிப் பார்க்காமல் வேறு என்ன செய்வாள்? சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒருவரிடம் பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டுத் திணறடித்திருக்கிறேன். அவர் நிஜமாகவே சித்தப்பாதான். அதனாலென்ன, சித்தப்பாவுக்குத் தேதி தெரிய வேண்டாமா?

வெளியாள் யார் வந்தாலும் என் மேஜையில் இருக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், வந்த காரணம், உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம். கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். போன வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கட்டம்கூடக் காலியா இல்லையே!" என்று வியந்தார். அதற்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் என் தலைக்கு மேலே சுவரில் தொங்குகிறது.

இந்த வருடம் பிளம்பர் வந்ததும் என் சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. கழிப்பறைக் குழாய்களை எல்லாம் மாற்றும் வேலை, ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மழிக்காத முகம். ஆளைப் பார்த்துப் பேசமாட்டான். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிவான். ஒரு நாளைக்கு மூன்று தடவை வெளியே போவான்.

"டீ குடிக்கப் போறதுக்கெல்லாமா மேடம் கையெழுத்து?"

"டீயோ காப்பியோ, கேட்டைத் தாண்டினா கையெழுத்து."

தலையைச் சொறிந்துகொண்டே போட்டுவிட்டுப் போவான். போனது வந்தது எல்லாம் நிமிடக் கணக்கில் என்னிடம் இருந்தது.

அதே மாதத்தில்தான் அந்தப் பெண் குழந்தை என் அறைக்கு வர ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பு. மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கும் பெரிய கண்ணாடி. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"வயிறு வலிக்குது ஆபீஸ் மிஸ்."

என் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொல்வேன். டப்பாவைத் திறக்கமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதிவேட்டை எட்டிப் பார்ப்பாள். "இன்னைக்கு வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்களா?"

நான் விரலை வைத்துப் பார்த்துச் சொல்வேன். "எல்லாரும் போயாச்சு. அந்த பிளம்பர் மட்டும்தான் இருக்கான். நீ போய்ச் சாப்பிடு."

அவள் எழுந்து மெல்ல நடந்து போவாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு நடைபாதையின் கடைசிவரை போக வேண்டும், இசை அறையைத் தாண்டி.

இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் வருவது செவ்வாயும் வியாழனும் மட்டும். பிளம்பரோ தினமும் வருகிறான். கணக்கு உதைத்தது. மற்ற நாட்களில் மாடியில் தொட்டி வேலை பார்ப்பான் போல என்று பதிலையும் நானே செய்துகொண்டேன். அவனுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நேரத்தில் எந்த வகுப்புப் பக்கம் நின்றான், எந்தப் பிள்ளையிடம் பேசினான், எல்லாவற்றையும் அதில் எழுதினேன். ஒரு நாள் அந்தக் குழந்தையின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்திருந்தான். அதற்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை அவனே என் அறைக்குள் வந்தான். கையெல்லாம் ஈரம், அட்டை இல்லை.

"மேடம், வால்வை மூடணும்னு அந்தப் பாட்டு ரூம் கதவைத் தட்டினேன். உள்ள தாழ் போட்டிருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு பாட்டு சார் திறந்தாரு. கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பொண்ணு விசுக்குன்னு வெளிய ஓடுச்சு. எனக்கு என்னமோ சரியாப் படலை."

"எப்ப?"

"இப்பதான். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

மணி பன்னிரண்டே முக்கால். பாட்டு மாஸ்டர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கிறவர், அதனால் அவர் பெயரும் பதிவேட்டில் உண்டு. நான் அதை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பாட்டு சார் பதினொண்ணு எட்டுக்கே போயிட்டாரு. நல்லாப் பாரு."

"அப்ப நான் பார்த்தது யாரை மேடம்? அவரோட நிழலையா?"

இசை அறை என் நாற்காலியிலிருந்து நாற்பது தப்படி தூரம். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். எழுந்தேன், ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். இவன் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து முந்திக்கொண்டு பழியைத் திருப்புகிறான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். தலைமையாசிரியை நோட்டைப் படித்தார். நல்ல வேளை, படித்ததோடு நிற்காமல் குழந்தையின் அம்மாவுக்கும் போன் செய்தார்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் கூடினோம். குழந்தையை உள்ளே அழைக்கவில்லை. வகுப்பாசிரியையோடு வெளியே என் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே அவளுடைய அம்மா, பாட்டு மாஸ்டர், பிளம்பர், நான்.

அம்மா நின்றுகொண்டேதான் பேசினாள். "செவ்வாய், வியாழன் சாப்பாட்டு நேரத்துல அந்த ரூமுக்குள்ள கூப்பிடுவாராம். கதவைத் தாழ் போடுவாராம். வெளிய சொன்னா பாட்டுக் குழுவிலேர்ந்து பேரை எடுத்துடுவேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு மேல அவ சொல்ல மாட்டேங்குறா, அழறா. என் பொண்ணு பொய் சொல்லாது மேடம்."

பாட்டு மாஸ்டர் கால்மேல் கால் போடாமல், பணிவாக உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. "எனக்குக் கோபமே இல்லைங்க. குழந்தை பாவம், யாரோ பயமுறுத்திச் சொல்ல வெச்சிருக்காங்க. பதினொண்ணேகாலுக்கு மேல நான் இங்க இருந்ததே கிடையாது. நீங்க பதிவேட்டைப் பாருங்க மேடம். அக்கா எழுதினா அது கல்லுல வெட்டின மாதிரி." என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் போல அன்பான சிரிப்பு.

தலைமையாசிரியை பக்கங்களைப் புரட்டினார். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. பதினொன்று ஏழு. நேற்று பதினொன்று எட்டு. "ஒரு நாள்கூட மதியத்தைத் தொடலையே" என்றார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குழந்தைங்க பயத்துல சில நேரம் ஆளை மாத்திச் சொல்லிடும்மா" என்றார். என் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிளம்பரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இனிமே வர வேண்டாம். போலீசுக்கும் சொல்லத்தான் போறேன்."

"நான் கண்ணால பார்த்ததைத்தானே சொன்னேன்!" அவன் குரல் உடைந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் பதிவேட்டையே வெறித்தாள். தன் மகள் சொன்னதை அந்தக் காகிதம் விழுங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

எனக்கு அந்த எட்டுதான் கண்ணில் குத்தியது. பதினொன்று எட்டில் இருந்த எட்டு. அது என் எட்டு.

ஏழு மாதத்துக்கு முன்னால், வந்த முதல் வாரத்தில் பாட்டு மாஸ்டர் கேட்டார். "அக்கா, வண்டி பின் கேட்டுக்கிட்ட நிக்குது. கையெழுத்துக்காகத் திரும்ப இவ்வளவு தூரம் வரணுமா? நீங்களே போட்டுடுங்களேன்." தெரிந்த முகம், மரியாதையான பேச்சு, அக்கா என்கிற அழைப்பு. மறுவாரத்திலிருந்து அவர் பத்து மணிக்கு உள்ளே வரும்போதே வெளியேறிய நேரத்தையும் சேர்த்து எழுதிவிடுவேன், கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று. ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று நிமிடங்களை மாற்றி மாற்றிப் போட்டேன். எழுதி எழுதி எனக்கே அது நிஜமாகிப் போனது. டீ குடிக்கப் போனவனை நிறுத்தி நிறுத்திக் கையெழுத்து வாங்கிய நான், இந்த மனுஷனுக்காக உட்கார்ந்து பொய்க்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டியிருக்கிறேன்.

பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, எக்ஸ்ரே ஒரு ஏமாளி என்று எல்லாரும் சிரிப்பார்களே என்று பயந்தேன். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

"மேடம், அந்த நேரமெல்லாம் நான் போட்டது."

"ஆமா, நீங்கதானே போடணும்?"

"இல்ல மேடம். பார்த்துப் போடலை. இவர் வரும்போதே போனதா எழுதிடுவேன். இவர் வெளிய போனதை ஒரு நாள்கூட நான் பார்த்ததில்ல."

மாஸ்டரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. "அக்கா, என்ன பேசுறீங்க?"

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

தலைமையாசிரியை பதிவேட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தினார். மாஸ்டர் எழுந்தான். பிளம்பர் போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அம்மா என் பக்கம் திரும்பி, என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிளம்பர் விலகி வழிவிட, வெளியே வந்தேன். குழந்தை பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"நீ சொன்னது நிஜம்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு கண்ணு. இனிமே அவன் உன்கிட்ட வரமாட்டான்."

அவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, மேஜையில் பதிவேடு இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் எல்லாரும் போயாச்சுன்னு நீங்க சொல்வீங்க. அதனாலதான் நான் எழுந்து போவேன். அங்க போனா அவர் நிப்பார்."