இடுப்பைப் பிடித்த கை

நபத்தன்சிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கம்பாலாவில் எங்கள் சந்தைச் சுவரோரம் அவள் தக்காளி விற்கிறாள், பக்கத்தில் நான் மக்காச்சோளம் சுடுகிறேன். நேற்று மத்தியானம் வாட்டசாட்டமான ஒரு பையன் வந்து, அவள் கூடையை ஒட்டினாற்போல் சுவரில் மூத்திரம் பெய்ய ஆரம்பித்தான்.

"டேய், இது என்ன உங்கப்பன் வீட்டுச் சுவரா?"

"உன் வேலையப் பாரு கிழவி."

விடுவாளா? பாய்ந்து போய் அவன் கால்சட்டையைப் பின்னிடுப்பில் கொத்தாகப் பிடித்தாள். அடிப் பாவி, பிடிக்க வேறு இடமா கிடைக்கவில்லை! எங்கள் ஊரில் திருடனைத்தான் அப்படிப் பிடிப்பார்கள். தெருமுனையில் சவாரிக்கு நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் கண்ணில் அந்தக் கைதான் பட்டது.

"திருடன்! திருடன்!"

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. முதல் கல் பையனின் நெற்றியில் பட்டது. நபத்தன்சி பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

"திருடன் இல்லப்பா! மூத்திரம்தான் பேஞ்சான்!"

யார் காதில் விழுகிறது? சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். டயர் எதற்கென்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், திருடன் கழுத்தில் மாட்டிக் கொளுத்தத்தான். வாயில் வந்ததைச் சொல்லிக் கத்தினேன்.

"யோவ்! பெத்த புள்ளய அவ கண்டிக்கிறா, நடுவுல உங்களுக்கு என்னய்யா?"

கூட்டம் தயங்கியது. சிவப்புச் சட்டைக்காரன் நபத்தன்சியை மேலும் கீழும் பார்த்தான்.

"உன் புள்ளயா? அப்ப அடி, பாப்போம்."

நபத்தன்சி அறைந்தாள். கன்னத்தைத் தடவிக்கொடுத்த மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேரு அடியா? பொய் சொல்றாளுங்கடா!"

டயர் மறுபடி உருண்டது. அப்போதுதான் பையனுக்குப் புரிந்தது. படாரென்று மண்டியிட்டான்.

"தப்புதாம்மா. இனிமே செய்ய மாட்டேம்மா."

நபத்தன்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அறைந்தாள். இன்னொன்று. அவன் உதடு கிழிந்தது. யாரோ சிரித்தார்கள். "நல்லா வாங்குடா மகனே" என்று சொல்லிவிட்டுச் சிலர் வண்டிக்குத் திரும்பினார்கள். சிவப்புச் சட்டைக்காரன் மட்டும் டயர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான், அவனோடு இன்னும் நாலைந்து பேர்.

அவளால் முடியவில்லை. தூக்கிய கையைக் கீழே போட்டாள், கண்ணீர் கொட்டியது. பையன் அவள் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்தாதீங்கம்மா," என்றான் மெதுவாக. "அவங்க இன்னும் போகல."