எங்குமே இல்லாத இருபத்தாறு

வியாழன்.

ஏழு மணி மாலை வகுப்புக்கு இதுவரை இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறையும் தாமதமானால் ஒயரிங் பரீட்சைப் பட்டியலில் என் பெயர் இருக்காது. இரண்டு முறையும் மெயின் ரோட்டில் சைக்கிளின் பின் டயர் பஞ்சர். அவ்வளவு தேய்ந்துபோன டயர்.

பழைய டயரில் அங்குல அளவு 26 × 1 3/8 என்று இருந்தது. மெயின் ரோட்டில் வகுப்புக்குப் பதினொரு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். அன்னாசித் தோட்டத்துக்குள் போனால் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் கறுத்த சதுப்பு மண், ஒல்லி டயர் புதையும். அதனால் ஆன்லைனில் அகலமாக 26 × 1.75 வாங்கினேன். இரண்டும் இருபத்தாறு, அகலம்தான் வேறு என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகு சந்தேகம் வந்து சக்கரத்தை டேப்பால் அளந்தேன். ரிம் இருபத்து மூன்றே கால் அங்குலம். டயரோடு சேர்த்து இருபத்தைந்தே முக்கால். இருபத்தாறு எங்குமே வரவில்லை. என் கைதான் சரியில்லை என்று மூன்று முறை அளந்தேன்.

இன்று ஆறு மணிக்கு வேலை முடிந்து நேராகக் கபீர் அண்ணனின் சைக்கிள் கடைக்குப் போனேன். புது டயரை ரிம்மில் வைத்து இழுத்துப் பார்த்தார். ஏறவில்லை.

"இது சின்னது, தங்கச்சி."

"ரெண்டும் இருபத்தாறுதானேண்ணே?"

"பேருதான் இருபத்தாறு. புள்ளி போட்டது வேற, பின்னம் போட்டது வேற. உள்ளுக்குள்ள மூணு சென்டிமீட்டர் வித்தியாசம்."

"அப்போ பின்னத்துல ஒன்னே முக்கால் இருக்கா?"

"இருக்கு. அதுவும் ஏறாது. அது இன்னொரு இருபத்தாறு."

"எத அளந்துதான் இருபத்தாறுன்னாங்க?"

"அலமாக்!" என்று கையை விரித்தார். "நானா செஞ்சேன்?"

நோட்டைத் திறந்தேன்.

"எழுதிக்கிட்டே இரு, அங்க வாத்தியார் கதவ சாத்திடுவாரு. பழைய சைஸே புதுசா ஒன்னு இருக்கு, மாட்டவா?"

தலையாட்டினேன்.

மாட்டி முடிக்கும்போது 6.25. மெயின் ரோடு என்றால் 7.10 ஆகிவிடும். தோட்டம் என்றால் புதையும். முச்சந்தியில் நின்று நேரத்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அதிலேயே ஒரு நிமிடம் போனது. தோட்டத்துக்குள் திருப்பினேன்.

மூன்று இடங்களில் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். தள்ள முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

6.57க்கு வகுப்பில் இருந்தேன். முழங்கால் வரை சேறு.

"அன்னாசி நட்டுட்டு வரியா லா?" என்றாள் பக்கத்து இருக்கை பிரவீனா.

ஜெயபாலன் சார் வருகைப் பதிவைத் திறந்தார். "தேன்மொழி?"

"இருக்கேன், சார்."

ரோட்டுக்கு ஏற்ற டயரோடு ரோட்டில் போன இரண்டு நாளும் தாமதம். இன்று தோட்டத்துக்கு ஆகாத டயரோடு தோட்டத்தில் போய் நேரத்துக்கு வந்திருக்கிறேன். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை. அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமை. நோட்டில் 'வழி' என்று எழுதி, எதிரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.