நான்கு புஷ்ஷும் ஒரு வேகத்தடையும்

அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். உட்கார்ந்தால் உயிர் போகிற வலி. அதனால், முன்சீட்டைப் படுக்கை மாதிரி சாய்க்க முடிகிற தங்கையின் பழைய கார்தான் கதி. அந்தக் காரோ ஒவ்வொரு குழியிலும் டங்கு டங்கென்று அடித்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். வேகத்தடையில் மட்டும் "அம்மா!" என்று அலறிவிடுவாள். தங்கை வண்டியை இன்னும் மெல்ல ஊர்த்துவாள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா கட்டிலை விட்டு எழவே மறுத்துவிட்டாள்.

"நான் வரல. கால் விளங்காமப் போனாலும் பரவால்ல. அந்த வண்டில ஏற மாட்டேன்."

தங்கை நேராக மெக்கானிக்கிடம் போய் அக்கா படுகிற பாட்டைச் சொன்னாள். அவர் காருக்கடியில் புகுந்து, பொடிந்துபோன ரப்பர் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். முன்சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகளுக்கும் வண்டிக்கும் நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய புஷ். நான்குமே அந்த லட்சணத்தில்தான் இருந்தன.

"புதுசு போடுங்கண்ணே."

"கம்பெனி இதைச் செய்யறத நிறுத்திப் பதினோரு வருஷமாச்சு. நான் கேக்காத கடை இல்லம்மா."

அவள் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் இருபது வருடமாகப் பல்செட் செய்கிறவள். அச்செடுப்பதும் வார்ப்பதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நானே வார்த்துத் தந்தா மாட்டுவீங்களா?"

மெக்கானிக் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. பழைய ரப்பரை நெட்டித் தள்ளிவிட்டு, வெளி வளையங்களையும் நடுக் குழாய்களையும் மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார்.

இரண்டு திரவங்களைக் கலந்தால் ரப்பராக இறுகுகிற பாலியூரித்தேனை வாங்கி வந்தாள். தொழில் பழக்கம், இருப்பதிலேயே கெட்டியான ரகமாகப் பார்த்து எடுத்துவிட்டாள். நடுக் குழாயை மெழுகால் நிறுத்தி, சுற்றிலும் ஊற்றினாள். மறுநாள் பார்த்தால் பளபளவென்று இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மெக்கானிக் நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒன்றின் ரப்பரை மட்டும் வளையத்திலிருந்து நெட்டித் தள்ளி, ஈவிரக்கமில்லாமல் இரண்டாக அறுத்தார். உள்ளே ஸ்பாஞ்சு மாதிரி காற்றுக் குமிழிகள்.

"ஏம்மா, நீ எனக்குப் பல்லு செஞ்சு குடுத்திருக்கே. எனக்கு வேண்டியது ஈறு. அழுத்தினா அமுங்கணும், விட்டா திரும்பி வரணும்."

முகம் தொங்கிப்போனாலும் அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. ஈறு எப்படியிருக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியாதா?

இந்த முறை மிருதுவான ரகம். பல் அச்சுகளை அதிரவைக்கும் சின்ன மேசை மீது வளையங்களை வைத்து, நூல் இழுப்பது போல மெல்ல ஊற்றினாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. தொட்டுப் பார்க்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு மூன்று நாள் இறுகவிட்டாள்.

மெக்கானிக் இந்தத் தடவை எதையும் அறுக்கவில்லை. அழுத்தினார், "ம்" என்றார், மாட்டினார். போல்ட்டுகளை முறுக்கி முடித்ததும் சாய்த்திருந்த முன்சீட்டில் தன் கனத்த உடம்பைச் சரித்துக்கொண்டார்.

"முதல்ல நான் நோயாளி. ஓட்டு."

மார்க்கெட் தெருவில் இரண்டு சுற்று. "உங்கக்காவ இப்பவே பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லி இறங்கினார்.

அக்காவைச் சம்மதிக்கவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "இந்த ஒரு தடவைதான்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தாள். தங்கை உருட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வேகத்தடை நெருங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரமும் இறங்கியது. அலறல் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டி, ஸ்கூல்கிட்ட ஒரு வேகத்தடை இருக்குமே, எடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா. இப்பத்தான் தாண்டினோம்."

தங்கை வண்டியை ஓரங்கட்டினாள். பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. கூடவே கண்ணீரும் சிரிப்பும்.

"இப்ப எதுக்கு நிறுத்தினே? ஏற்கெனவே மூணு தடவை போகாம விட்டாச்சு" என்றாள் அக்கா. "லேட்டா போனா அந்த பிசியோதெரபிப் பொண்ணு திட்டுவா. போ, போ."